கேட்பவரைப் படிக்கும் பட்டம்

1978 டிசம்பர் 28 மாலை. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு மேலே யுனைடெட் நிறுவனத்தின் 173ஆம் எண் விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. உள்ளே 189 பேர். சக்கரங்கள் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டனவா என்ற சந்தேகத்தைத் தீர்ப்பதிலேயே தலைமை விமானியின் கவனம் முழுக்க இருந்தது. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அப்படியே போனது. எரிபொருள் குறைந்துகொண்டே வருவது துணை விமானிக்கும் பொறியாளருக்கும் தெரிந்திருந்தது. எவ்வளவு மிச்சம் என்பதை அவர்கள் சொல்லவும் செய்தார்கள். ஆனால், இனி ஒரு சுற்றுகூடத் தாங்காது, இப்போதே இறங்கியாக வேண்டும் என்று முகத்துக்கு நேராக யாரும் சொல்லவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஓடுதளத்தை எட்டுவதற்குச் சில மைல் முன்னாலேயே, குடியிருப்புப் பகுதியில் விமானம் விழுந்தது. இறந்த 10 பேரில் அந்தப் பொறியாளரும் ஒருவர். சகாக்கள் சொன்னதைத் தலைமை விமானி காதில் வாங்கிக்கொள்ளவில்லை, சகாக்களும் தங்கள் கவலையை உறைக்கும்படி எடுத்துச் சொல்லவில்லை என்று விசாரணை அறிக்கை பதிவு செய்தது. மூவருக்கும் ஒரே மொழி. மூவரும் அனுபவசாலிகள். அப்படியும் ஒருவர் சொன்னது மற்றவரிடம் போய்ச் சேரவில்லை.

விமானிகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது, ஒருவரோடு ஒருவர் பேசவும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அந்த விபத்துக்குப் பிறகுதான் உறைத்தது. 1981-ல் அந்த நிறுவனமே அதற்கான பயிற்சியைத் தொடங்கியது. 1988-ல் மொழியியலாளர் சார்லட் லிண்ட், விமானி அறை உரையாடல்களின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து, கீழ்நிலையில் இருப்பவர் பணிவோடு மழுப்பிச் சொல்லும் விஷயங்கள் மேலே இருப்பவரின் கவனத்துக்கு வராமல் போகும் வாய்ப்பு அதிகம் என்று காட்டினார். ஒருவர் சொன்னது இன்னொருவரை எப்படிப் பாதிக்கிறது, சில நேரம் ஏன் பாதிக்காமலே போகிறது என்பதை இப்படி ஆதாரத்தோடு ஆராய்வதற்கென்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நூறாண்டு கடந்த ஒரு துறை இருக்கிறது. பேச்சுத் தொடர்பியல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். இளங்கலையிலிருந்து முனைவர் பட்டம் வரை அதில் படிக்கலாம். நம் ஊரில் இந்தப் படிப்பைப் பற்றிச் சொன்னால் உடனே எழும் கேள்விகள் இரண்டு: மேடையில் பேசக் கற்றுத்தருவார்களா? பேசுவதற்கெல்லாம் ஒரு பட்டமா? இரண்டுமே பேசுகிறவரை மட்டும் மனதில் வைத்துக் கேட்கப்படுபவை. ஆனால் இந்தத் துறையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அதன் நடுநாயகமாக இருப்பவர் கேட்பவர் என்பது தெரியும். கேட்பவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட காலங்களில் அது அறிவுத்துறையாகத் தலைநிமிர்ந்து நின்றது. அவரை மறந்த காலங்களில் வாய்ப்பயிற்சியாகத் தேய்ந்தது. பேச்சுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டா என்ற கேள்விக்கான பதில் இந்த ஏற்ற இறக்கத்திலேயே இருக்கிறது என்பது என் வாதம்.

தேய்ந்த காலத்திலிருந்தே தொடங்கலாம். கிரேக்க, ரோமானியக் கல்வியில் நாவன்மைக் கலை தலையாய பாடம். ரோமில் அரசு ஊதியம் பெற்று அதைக் கற்பித்த குவின்டிலியன், பேச்சாளனைக் குழந்தைப் பருவத்திலிருந்து எப்படி வளர்ப்பது என்று 12 பகுதிகள் கொண்ட ஒரு நூலே எழுதினார். என்ன சொல்வது என்று தேடுவது, அதை வரிசைப்படுத்துவது, சொல் தேர்வது, நினைவில் இருத்துவது, குரலாலும் உடலாலும் வெளிப்படுத்துவது என்று அந்தப் படிப்புக்கு ஐந்து அங்கங்கள். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பீட்டர் ராமஸ், முதல் இரண்டையும் பிடுங்கித் தர்க்கத்திடம் கொடுத்துவிட்டார். நாவன்மைக்கு மிஞ்சியது அலங்காரமும் அபிநயமும். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு அயர்லாந்துப் பாதிரியார் கில்பர்ட் ஆஸ்டின் 1806-ல் வெளியிட்ட ‘கைரோனோமியா’ என்ற நூலைப் பார்த்தால் போதும். பேச்சாளர் ஒரு கற்பனைக் கோளத்துக்குள் நிற்கிறார். கை எந்தத் திசையில், எந்த உயரத்தில் நீளுகிறது என்பதற்கு ஒவ்வோர் எழுத்துக் குறி. வரிக்கு மேலே அந்தக் குறிகளை எழுதிவைத்து, அதன்படி கையை அசைத்துப் பழக வேண்டும். எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அந்தக் கோளத்துக்குள் இடமே இல்லை. அதே 1806-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நாவன்மை இருக்கையில் முதல் பேராசிரியராக அமர்ந்தவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் குவின்சி ஆடம்ஸ். பேச்சுக்காக ஏற்பட்ட அந்த இருக்கையும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு மெல்ல இலக்கியத்தின் பக்கம் சாய்ந்து, இன்று கவிஞர்கள் அமரும் இடமாகிவிட்டது.

1914 நவம்பரில் சிகாகோ நகரில் ஆங்கில ஆசிரியர்களின் தேசிய மாநாடு நடந்தபோது, பேச்சுப் பாடம் நடத்திவந்த 17 ஆசிரியர்கள் அதிலிருந்து பிரிந்து தனிச் சங்கம் கண்டார்கள். ஜேம்ஸ் ஓ'நீல் முதல் தலைவர். ஜேம்ஸ் வினான்ஸ், சார்லஸ் வுல்பர்ட் ஆகியோர் உடன் நின்றார்கள். ஆங்கிலத் துறையில் அவர்கள் இரண்டாந்தரக் குடிகளாக இருந்தார்கள் என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம், எழுதப்பட்ட பக்கத்தை ஆராயும் முறை வேறு, கூடியிருக்கும் மனிதர்கள் முன் நிகழும் பேச்சை ஆராயும் முறை வேறு என்று அவர்கள் நம்பியது. மறு ஆண்டே ஆய்விதழ் தொடங்கினார்கள். 1922-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் பேச்சுத் துறையில் முதல் முனைவர் பட்டத்தை வழங்கியது. கூத்துப் பயிற்சி நடத்துகிறவர்கள் என்று மற்றத் துறைகள் பார்த்த பார்வையை மாற்ற, ஆராய்ச்சி ஒன்றே வழி என்று வினான்ஸும் வுல்பர்ட்டும் அடித்துச் சொன்னார்கள்.

திருப்புமுனை 1925-ல் வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் விக்கெல்ன்ஸ் எழுதிய ஒரே ஒரு கட்டுரை இந்தத் துறைக்குக் கால்கோள் இட்டது எனலாம். இலக்கிய விமரிசகர் ஒரு படைப்பின் அழகையும் நிலைபேற்றையும் தேடுகிறார். பேச்சை ஆராய்பவர் தேட வேண்டியது விளைவை: ஒரு குறிப்பிட்ட கூட்டத்தின் முன், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், அது என்ன செய்தது? அதுதான் அவர் வாதம். இதைப் புதிது என்று சொல்வதற்கில்லை. அரிஸ்டாட்டில் தம் நூலில் பேச்சுகளை மூவகையாகப் பிரித்ததே, கேட்பவர்கள் மூவகை என்பதால்தான்: நடந்ததைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவர், நடக்கப்போவதைப் பற்றி முடிவெடுப்பவர், பார்வையாளராக இருந்து திறமையை ரசிப்பவர். அந்த நூலின் இரண்டாம் பகுதியில் கோபம், அச்சம், இரக்கம் எப்போது, யாரிடம், எதனால் எழுகின்றன என்றும், இளைஞரின் மனம் எப்படி, முதியவரின் மனம் எப்படி என்றும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அது பேச்சாளருக்கான கையேடு என்பதைவிடக் கேட்பவரைப் பற்றிய ஆராய்ச்சி என்பதே பொருந்தும்.

சரி, இந்தத் துறையில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். 1969 நவம்பர் 3 இரவு, அதிபர் ரிச்சர்ட் நிக்சன் வியட்நாம் போர் பற்றித் தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் பேசினார். வீதியில் இறங்கிப் போராடாத ‘மௌனப் பெரும்பான்மை’யின் ஆதரவைக் கேட்ட பேச்சு அது. கார்லின் கோர்ஸ் கேம்பெல் என்ற அறிஞர் அதைக் கூறுகூறாக அலசினார். உண்மையைச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்த பேச்சு, வரலாற்றைத் தனக்கு வசதியாக வளைத்தது, தானே வைத்த அளவுகோலில் தானே தோற்றது என்பது அவர் முடிவு. 1972-ல் ஃபோர்ப்ஸ் ஹில் இதை மறுத்தார். அவர் கையில் எடுத்தது அரிஸ்டாட்டிலின் முறையை. நிக்சன் குறிவைத்தது போரைத் தீவிரமாக ஆதரிப்பவர்களையோ எதிர்ப்பவர்களையோ அல்ல, நடுவில் நின்றவர்களை. அவர்களை வசப்படுத்தக் கிடைத்த வழிகளை அவர் எவ்வளவு திறமையாகப் பயன்படுத்தினார் என்பதே ஆய்வாளரின் கேள்வி, சொன்னது மெய்யா பொய்யா என்பது வேறு துறைகளின் வேலை என்றார் ஹில். கேம்பெல் விடவில்லை. குறிவைக்கப்பட்டவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால், அதே பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த மற்ற அமெரிக்கர்கள் எங்கே போனார்கள்? மெய்யைக் கேட்காத ஆய்வு, ஏமாற்றுக்காரரின் திறமையை மெச்சுவதில் போய் முடியாதா? என்னைக் கேட்டால், கேம்பெல் பக்கம்தான் நியாயம். ஆனால் சச்சரவின் மதிப்பு யார் ஜெயித்தார் என்பதில் இல்லை. ‘கேட்பவர் யார்’ என்ற கேள்வியை அது கூராக்கிவிட்டது. எட்வின் பிளாக் 1970-லேயே, ஒவ்வொரு பேச்சும் தனக்குள் ஓர் உருவத்தை வரைந்துவைத்திருக்கிறது, தன்னைக் கேட்பவர் இப்படிப்பட்டவராக ஆக வேண்டும் என்ற ஆசையே அந்த உருவம் என்று எழுதியிருந்தார். 1984-ல் பிலிப் வாண்டர் இன்னும் ஒரு படி போனார். பேச்சு யாரை மனிதராகவே எண்ணாமல் ஒதுக்குகிறதோ, யாருக்குக் கேட்கவும் பதில் சொல்லவும் வாய்ப்பே தரவில்லையோ, அவரையும் ஆராய வேண்டும் என்றார். விக்கெல்ன்ஸ் தொட்டுவைத்த இடத்திலிருந்து அறுபது ஆண்டுகளில் துறை வந்துசேர்ந்த இடம் இது.

மேடைப் பேச்சோடு இது நின்றுவிடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு. மாட்டு இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளைச் சமைக்க இல்லத்தரசிகளை இணங்கவைக்க முடியுமா என்று உளவியலாளர் குர்ட் லெவின் அயோவாவில் சோதித்துப் பார்த்தார். சில குழுக்களுக்கு அருமையான சொற்பொழிவு, சமையல் குறிப்பு சகிதம். வேறு சில குழுக்களில் பெண்களே தங்களுக்குள் பேசி, கடைசியில் கை தூக்கி முடிவெடுத்தார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதத்தினரே பிறகு சமைத்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதத்தினர். 1955-ல் வேறோர் ஆய்வாளர் இதைப் பிரித்து ஆராய்ந்து, கூடிப் பேசியது முக்கியக் காரணமில்லை, தானே முடிவெடுத்ததும் மற்றவர்களும் அப்படியே முடிவெடுத்தார்கள் என்ற உணர்வுமே காரணம் என்று திருத்தினார். இப்படித் தன் முடிவைத் தானே சோதித்துத் திருத்திக்கொள்ளும் எதையும் வாய்ஜாலம் என்று ஒதுக்கிவிட முடியாது. சொற்பொழிவையே பெரிதாக மதிக்கும் நம்மைப் போன்றவர்கள் அந்த 3 சதவீதத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்பது நல்லது.

மருத்துவரின் அறைக்குள்ளும் இந்த ஆய்வு நுழைந்திருக்கிறது. நோயாளி தன் உபாதையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று 1984-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2007-ல் ஜான் ஹெரிடேஜ், ஜெஃப்ரி ராபின்சன் ஆகியோர் அடங்கிய குழு 20 குடும்ப மருத்துவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தியது. இன்று என்னென்ன சொல்ல வந்தீர்கள் என்று நோயாளிகளிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டார்கள். வேறு ஏதும் உண்டா என்று மருத்துவர் கேட்கும் கேள்வியில் ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றினார்கள். ஒரு வடிவம் ‘இருக்கும்’ என்று எதிர்பார்த்துக் கேட்பது, மற்றது ‘இருக்காது’ என்ற சாய்வோடு கேட்பது. முதல் வடிவத்தில் கேட்டபோது, சொல்லப்படாமலே போகும் குறைகளில் 78 சதவீதம் இல்லாமல் போயிற்று. சந்திப்பின் நேரமும் குறிப்பிடும்படி நீளவில்லை. மருந்து மாத்திரை செலவில்லாமல் ஒரு சொல்லால் இவ்வளவு செய்ய முடியும் என்பது தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டதில்லை. உரையாடலை ஒலிப்பதிவு செய்து, இடைவெளியும் இருமலும்கூட விடாமல் எழுதி, வரி வரியாகப் படித்துப் பழகிய ஓர் ஆய்வு மரபின் விளைச்சல் அது.

இருந்தாலும் இந்தத் துறை எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுவது 1975-ல் கெர்ரி பிலிப்சன் வெளியிட்ட ஆய்வால்தான். சிகாகோவின் தெற்குப் பகுதியில் உழைப்பாளி வெள்ளையர்கள் வாழும் ஒரு பேட்டை. அதற்கு அவர் வைத்த புனைபெயர் டீம்ஸ்டர்வில். அங்கே சிறுவர்களோடு சமூகப் பணி செய்தபடியே அவர்களின் பேச்சு வழக்கைக் கவனித்தார். தப்புச் செய்யும் பையன்களை அவர் பேசித் திருத்த முயன்றார். படித்தவர்கள் மத்தியில் அதுதான் நல்ல முறை. பையன்களோ இவர் ஆம்பளைதானா என்று சந்தேகப்பட்டார்கள். அந்தப் பேட்டையில் ஆண்மகன் தன் சேக்காளிகளோடு, மூலைக் கடையிலோ மதுக்கடையிலோ மணிக்கணக்கில் பேசலாம். பிள்ளையைக் கண்டிக்கும்போதும், தன் வீட்டுப் பெண்ணை ஒருவன் இழிவாகப் பேசும்போதும் பேச்சால் பதில் சொல்வது ஆண்மைக்கு அழகில்லை. பெரிய இடத்தில் காரியம் ஆக வேண்டுமானால் நேரே போய்ப் பேசக் கூடாது. பாதிரியாரையோ கட்சியின் வட்டாரப் பிரமுகரையோ பிடித்து அவர் வழியாகப் போக வேண்டும். படிக்கும்போதே நம் ஊர் வட்டச் செயலாளர்கள் கண்முன் வருகிறார்கள். தெளிவாகப் பேசு, நேராகப் பேசு, மனம்விட்டுப் பேசு என்று பயிற்சி வகுப்புகள் சொல்லும் புத்திமதிகள் ஒரு வர்க்கத்தின், ஒரு வட்டாரத்தின் வழக்கமே தவிர உலகப் பொதுவிதி கிடையாது என்பதை அந்த ஆய்வு அழுத்தமாக நிறுவியது. நம் நாட்டில் ‘கம்யூனிகேஷன் ஸ்கில்’ என்ற பெயரில் கல்லூரிதோறும் விற்கப்படும் சரக்குக்கும் இந்தப் பட்டப்படிப்புக்கும் உள்ள தூரம் இதுதான். இப்படிப் பேசு என்று சொல்வது பயிற்சி. இங்கே இவர்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள், எதைக் கேட்டால் எதை நினைக்கிறார்கள் என்று கேட்பது படிப்பு.

பேச்சு பிறவியில் வருவது, அதைப் படித்து யார் பேச்சாளர் ஆனார் என்று கேட்பவர்கள் உண்டு. மார்ட்டின் லூதர் கிங்கையே அவர்கள் சாட்சிக்கு அழைக்கலாம். குரோசர் இறையியல் கல்லூரியில் பேச்சுப் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது ‘சி’ தரம்தான். மதிப்பெண் போட்டவர் தவறியிருக்கலாம், அந்த வகுப்பின் அளவுகோலே குறுகலாக இருந்திருக்கலாம். அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் உலகமே கேட்ட அந்தக் கனவுப் பகுதி, வானத்திலிருந்து இறங்கியதில்லை. 1962 நவம்பரில் வட கரோலினாவின் ராக்கி மவுண்ட் ஊரிலும், 1963 ஜூனில் டெட்ராய்ட்டிலும் அவர் அதைச் சொல்லியிருக்கிறார். கூட்டத்துக்குக் கூட்டம் எது எடுபடுகிறது என்று பார்த்து மெருகேற்றியிருக்கிறார். கறுப்பினத் தேவாலயத்தில் உபதேசியின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சபை வாய்விட்டுப் பதில் கொடுக்கும். அங்கே வளர்ந்தவருக்குக் கேட்பவர்கள்தான் முதல் ஆசான்கள். வாஷிங்டனிலும் எழுதிவைத்த உரையை விட்டு அவர் விலகியதற்குப் பாடகி மஹாலியா ஜாக்சன் பக்கத்திலிருந்து கொடுத்த குரல் ஒரு தூண்டுதல் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கறுப்பின மாணவர்களுக்கான டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஃப்ரீமன் நடத்திய விவாதக் குழுவில் வளர்ந்தவர் பார்பரா ஜோர்டன். 1974 ஜூலையில் நிக்சன் மீதான விசாரணையில் அரசியல் சாசனத்தைப் பற்றி அவர் ஆற்றிய உரை இன்றும் வகுப்புகளில் பாடம். ஆக, திறமை பிறவியிலேயே இருந்தாலும் அதற்குப் பயிற்சிக்களம் வேண்டும். தவிரவும், இசையியல் படிக்கிற எல்லோரும் பாட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதில்லையே.

இதைவிடக் கனமான ஆட்சேபம் பிளேட்டோவுடையது. நாவன்மை ஒரு கலையே இல்லை, சமையல்காரன் நாக்கை மயக்குவதுபோலக் காதை மயக்கும் சாமர்த்தியம் என்று ‘கோர்கியாஸ்’ உரையாடலில் சாக்ரட்டீஸ் வாயிலாக அவர் தாக்குகிறார். பேச்சால் ஆட்சியைப் பிடித்தவர்களையும் பேச்சால் கலவரம் மூட்டியவர்களையும் பார்த்த எவரும் இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. மக்களை வசியப்படுத்தும் வித்தையைப் பல்கலைக்கழகமே கற்றுக்கொடுப்பதா? இதற்குப் பிளேட்டோவே இன்னோர் உரையாடலில் பாதி விடை தருகிறார். ‘ஃபீட்ரஸ்’ உரையாடலில், மெய்யான நாவன்மை எதுவாக இருக்க முடியும் என்று கேட்டு, மனித ஆன்மாக்களின் வகைகளை அறிந்து, எந்த வகைக்கு எந்தப் பேச்சு ஏன் ஒட்டுகிறது என்று அறிவதே அது என்கிறார். அதாவது கேட்பவரைப் பற்றிய அறிவு. மீதிப் பாதி விடையை ஜனநாயகத்திடமிருந்து பெற வேண்டும். வசியம் செய்யத் தெரிந்தவர்கள் இந்தப் பட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. விளம்பர நிறுவனங்களும் கட்சிகளின் தேர்தல் ஆலோசகர்களும் கேட்பவரை நாள்தோறும் அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள், அந்த அறிவைப் பூட்டியும் வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம் ஒன்றுதான் அதைக் கேட்பவரின் கையிலேயே கொடுக்கக்கூடிய இடம். கேம்பெல் நிக்சனை அலசியதைப் படித்த மாணவர் அடுத்த அதிபரின் பேச்சை முன்போல வாய்பிளந்து கேட்க மாட்டார்.

உளவியல், மொழியியல், சமூகவியல், இலக்கியம் எல்லாம் இருக்க, தனித் துறை எதற்கு என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. நான் மேலே சொன்ன லிண்ட் மொழியியலாளர், லெவின் உளவியலாளர், ஹெரிடேஜ் சமூகவியலாளர். எளிதாகப் பட்டம் வாங்கும் துறை என்ற ஏச்சும் அமெரிக்க வளாகங்களில் உண்டு. துறையே தன் பெயர் விஷயத்தில் நிலைகொள்ளாமல் தவித்திருக்கிறது. சிகாகோவில் பிறந்த சங்கம் பல பெயர்களைத் தாண்டி 1970-ல் பேச்சுத் தொடர்பியல் சங்கம் ஆனது, 1997-ல் ‘பேச்சு’ என்ற சொல்லையே உதிர்த்துவிட்டு தேசியத் தொடர்பியல் சங்கம் ஆனது. 1878-ல் நாவன்மைப் பள்ளியாகத் தொடங்கிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பள்ளி 1921-ல் பேச்சுப் பள்ளியாகி, 2002-ல் தொடர்பியல் பள்ளி ஆகிவிட்டது. ஊடகமும் இணையமும் வந்த பிறகு குடை விரிந்தாக வேண்டியிருந்தது என்பது புரிகிறது. ஆனாலும் இதை நான் நஷ்டமாகவே கருதுகிறேன். ஊடகத்தைப் படிக்கப் பல துறைகள் இருக்கின்றன. ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் எதிரே வாய் திறக்கும்போது நடப்பதை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்ட துறை ஒன்றுதான் இருந்தது. மற்றத் துறைகளுக்கு அது பக்கத்து வேலை. லெவினின் சோதனையையும் பிளாக்கின் விமரிசனத்தையும் பிலிப்சனின் பேட்டையையும் ஒரே மாணவர் ஒரே பட்டத்தில் படித்து, ஒன்றால் மற்றதை உரசிப் பார்க்கும் இடம் வேறெங்கும் அமையவில்லை. பாடம் எளிதா என்பது நடத்துபவரைப் பொறுத்தது. தமிழ் இலக்கியத்தையும் எளிதாக நடத்தலாம்.

இதில் இந்தியாவுக்கு வந்த பாதி எது, வராத பாதி எது என்பது கவனிக்கத்தக்கது. திக்குவாய் போன்ற பேச்சுக் குறைகளை ஆராயும் துறையும் அமெரிக்காவில் இதே பேச்சுத் துறைகளின் மடியில் வளர்ந்து, 1925-ல் தனிச் சங்கம் கண்டது. அது இங்கே வந்தது. 1965-ல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் கழகம் ஏற்பட்டு, இன்று அந்தப் படிப்புக்கு நல்ல மதிப்பு இருக்கிறது. பேச்சே வராதவருக்கு உதவும் அறிவை ஏற்றுக்கொண்டோம். பேச வந்தும் பேச்சு எடுபடாமல் போகிறவரைப் பற்றிய அறிவை ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் ‘விஸ்காம்’ என்றால் எல்லோருக்கும் தெரியும், பேச்சைப் பட்டமாகப் படிப்பது காதில் விழாத சங்கதி. இத்தனைக்கும் திருக்குறள் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்து, பிறகு அவையறிதலை 72ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமையை 73ஆம் அதிகாரமாகவும் வைத்திருக்கிறது. அவையை அறிந்த பிறகே அஞ்சாமை. நம் பேச்சுப் போட்டிகளோ நேரே அஞ்சாமையில்தான் தொடங்குகின்றன, பல நேரம் அதிலேயே முடிந்தும்விடுகின்றன.

நம் மேடைத் தமிழை முறையான ஆய்வுப் பொருளாக்கியவர்களில் முதன்மையானவர் ஓர் அமெரிக்கர். மானுடவியலாளர் பெர்னார்ட் பேட், மதுரையில் தங்கித் திராவிட இயக்க மேடைகளைக் கவனித்து 2009-ல் நூலாக்கினார். பழமை தோய்ந்த அந்தச் செந்தமிழ், பழங்காலத்திலிருந்து அப்படியே வந்ததில்லை, ஜனநாயகம் வந்த பிறகு வெகுமக்களை ஒன்றுதிரட்ட உருவான நவீன வடிவம் என்பது அவர் கண்டது. தாங்கள் பேசாத ஒரு தமிழைக் கேட்க ஆயிரக்கணக்கான சாமானியர்கள் ஏன் விடிய விடிய உட்கார்ந்தார்கள் என்ற கேள்வியை அவர் கேட்டார். இன்னும் பின்னே போய், கிறித்தவப் பிரசங்கத்துக்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கிய சைவப் பிரசங்கத்தையும் ஆராய்ந்தார். 2016-ல் அவர் மறைந்தார். அவர் திறந்துவைத்த கேள்விகளைத் தமிழ் மாணவர்கள் வரிசையாக வந்து பற்றிக்கொள்ள ஒரு துறை இருந்திருக்க வேண்டும். பட்டிமன்றத்தில் எந்த இடத்தில் கைதட்டல் விழுகிறது, வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் போடும் ‘ஆமா’ கதையை எப்படி நகர்த்துகிறது, தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்கும் மூதாட்டி தன் கோரிக்கைக்கு முன்னால் எத்தனை வாக்கியம் செலவழிக்கிறார் என்று ஆராய அங்கே ஆள் இருந்திருக்கும்.

இதைப் படித்து வேலை கிடைக்குமா என்ற கேள்வியைப் பெற்றோர் கேட்காமல் விட மாட்டார்கள், கேட்பதும் சரியே. அமெரிக்காவில் இந்தப் பட்டதாரிகள் சட்டம், மனிதவளம், மக்கள் தொடர்பு, மருத்துவமனை நிர்வாகம், அரசியல், ஆசிரியப் பணி என்று பரவுகிறார்கள். ஒரே ஒரு தொழிலின் கதவைத் திறக்கும் பட்டம் இல்லை இது. வரலாறு, பொருளாதாரம் போன்ற பட்டங்களும் அப்படித்தான். ஆனால் இங்கே செய்வதற்கு வேலை குவிந்து கிடக்கிறது என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமசபைக் கூட்டங்களின் பேச்சுப் பதிவுகளை எழுத்தாக்கி, கணினியின் துணையோடு ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகிய மூவர் ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2019-ல் அமெரிக்காவின் முன்னணி அரசியலறிவியல் ஆய்விதழில் வெளிவந்தன. ஆண்களைவிடப் பெண்கள் குறைவாகப் பேசுகிறார்கள். பேசினாலும், அவர்கள் எழுப்பிய விஷயத்தைக் கூட்டம் தொடர்ந்து பேசுவது குறைவு. அதிகாரிகளிடமிருந்து அந்த விஷயத்துக்கே உரிய பதில் கிடைப்பதும் குறைவு. ஒதுக்கீட்டின் வழியாக ஒரு பெண் ஊராட்சித் தலைவராக வந்த ஊர்களில், பெண்களின் பேச்சுக்குக் கிடைக்கும் பதில் மேம்படுகிறது. இந்தப் பெண்களுக்கு யாரும் பேசக் கற்றுத்தரவில்லை, அவர்களின் குரலும் சொல்லும் மாறவில்லை. எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவர் மாறினார். குடிநீரும் சாலையும் ஓய்வூதியமும் கேட்டு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்குப் பலமுறை தமிழ்நாட்டின் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் இந்தக் கூட்டங்கள் கூடுகின்றன. அங்கே யார் சொன்னது கேட்கப்பட்டது, யார் சொன்னது காற்றில் போனது, ஏன் போனது என்று உட்கார்ந்து குறிப்பெடுக்கத் தெரிந்த ஐம்பது பட்டதாரிகளை ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் அனுப்பினால், அவர்கள் கொண்டுவரும் பதிவுகளிலிருந்தே இந்தத் துறைக்கான முதல் தமிழ்ப் பாடநூலை எழுதிவிடலாம்.